ஓட்டை போட்டியா?

செங்குன்றம் தாண்டி வடக்கே போகிற பேருந்தில் ஜன்னலோரம் கண்ணயர்ந்திருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். பாடியநல்லூர் பக்கம் வந்தபோது மூக்குதான் முதலில் விழித்துக்கொண்டது. வயர் எரிகிற நாற்றம். தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிற ஒரு கரிப்பு. பக்கத்தில் பூக்கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "குப்பையைக் கொளுத்தறானுங்க பாரு" என்றார். குப்பை இல்லை. யாரோ செம்பு எடுக்கிறார்கள். காயலான் கடைக்காரர் பிள்ளைக்கு இதுகூடத் தெரியாமலா போகும்!

எங்கள் கடை சோழவரத்தில், ஜி.என்.டி. ரோட்டை ஒட்டி இருந்தது. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் குவிந்து கிடந்த சைக்கிள் ரிம்களும் துருப்பிடித்த பேரல்களும்தான் பலகை. ஊருக்கு அது 'பாய் கடை'. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவின் முழுப் பெயரைச் சொன்னால் தபால்காரரே ஒரு நிமிடம் யோசிப்பார். காலையில் அத்தாவிடம் கைமுதல் வாங்கிக்கொண்டு, கூடவே ஒரு தகரப் பெட்டி நிறைய அமுக்கின பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு மூன்று சக்கர வண்டிகள் கிளம்பும். காரனோடை, பஞ்செட்டி, ஞாயிறு, ஜனப்பன்சத்திரம் என்று சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்பும். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்ற அந்தக் கூவல் இன்று சினிமாக் கிண்டலில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இப்போது மினி வேனில் ஒலிபெருக்கி கட்டி, யாரோ எங்கோ பதிவு செய்த குரல் தெருத் தெருவாகப் போகிறது. பழம் கிடையாது. துட்டுதான், அதுவும் செல்போனிலேயே வந்து விழுகிறது. எங்கள் காலத்தில் நோன்பு மாதம் வந்தால் அந்தப் பெட்டிப் பழத்துக்குக் கிராக்கி. வண்டிக்காரர்கள், "பாய், இது யாவாரத்துக்கா நோம்பு தொறக்கவா, இப்பவே சொல்லிடு" என்பார்கள்.

பிப்ரவரி வந்தால் கார்ப் பந்தயம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் சோழவரத்தில் இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் பந்தயம் நடத்தியது. கடையில் உட்கார்ந்திருக்கும்போதே எஞ்சின் சத்தம் காதைக் குடையும். பந்தயம் முடிந்த மறுவாரம் நசுங்கின பம்பரும் உடைந்த சைலன்சரும் எடைக்கு வரும். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் அவர்களுக்கென்று புதுத் தடம் வந்த பிறகு இங்கே அந்தச் சத்தம் அடங்கியது. எனக்கு வருத்தம்தான். அத்தாவுக்கு நிம்மதி. கூட்டத்தோடு கூட்டமாகக் களவுச் சாமானும் வரும் என்பது அவர் கவலை.

வயருக்கு வருகிறேன். அதிலிருந்து செம்பை எடுக்க இரண்டு வழி. மொத்தமாகச் சுருட்டிக் கட்டிக் கொளுத்திவிடலாம். மேல்தோல் உருகி ஓடிவிடும், சாம்பலைத் தட்டினால் செம்பு. இல்லையென்றால் ஒவ்வொன்றாகக் கத்தியால் கீறி உரிக்கவேண்டும். எரித்த செம்பு கறுத்துப் போவதால் விலை கொஞ்சம் இறங்கும். உரித்த செம்புக்குக் கூட விலை உண்டு என்றாலும் அந்த வித்தியாசம் உரிக்கிற கூலிக்குக் காணாது. அதனால் ரோட்டோரத்தில் எல்லோரும் விடியற்காலையில் கொளுத்தினார்கள். அத்தா கொளுத்தவில்லை. இஷா தொழுதுவிட்டு வந்து, டியூப் லைட்டுக்குக் கீழே கோணியை விரித்து, எங்களையும் உட்கார வைத்துக்கொண்டு உரிப்பார். விரலெல்லாம் கீறல். அண்ணன் முணுமுணுப்பான். நான் தூங்கி விழுவேன். தோலில் இருக்கிற குளோரின், திறந்தவெளியில் எரித்தால் கிளம்பும் டையாக்சின் எல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. அத்தாவுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. கடைக்குப் பின்னால் இருந்த ஓலை வீட்டில் தூளி கட்டியிருந்தது அவருக்குத் தெரியும். "காத்து அந்தப் பக்கம்தானே அடிக்குது" என்பார். அவ்வளவுதான் விளக்கம்.

மக்ரிப்புக்குப் பிறகு எங்களுக்கு ஓதப் போகிற நேரம். ஓதிக் கொடுத்த ஹஜ்ரத் வேலூர் பாக்கியாத் மதரஸாவில் ஓதிப் பட்டம் வாங்கியவர். நல்ல மனுஷர், ஆனால் நரகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். நன்மையை எழுத வலது தோளில் ஒரு மலக்கு, அதாவது வானவர், தீமையை எழுத இடது தோளில் ஒரு மலக்கு, இருவர் கையிலும் ஏடு. குர்ஆனின் 99ஆவது சூராவை மனனம் செய்ய வைத்தது அவர்தான். அணுவளவு நன்மை செய்தவனும் அதைப் பார்ப்பான், அணுவளவு தீமை செய்தவனும் அதைப் பார்ப்பான் என்பது அதன் முடிவில் வருகிற கருத்து. அளவையில் மோசம் செய்த மத்யன் ஊரார், அவர்களை எச்சரிக்க வந்த ஷுஐப் நபி, கடைசியில் அந்த ஊர் இருந்த இடம் தெரியாமல் போனது எல்லாவற்றையும் பிரம்பை மேசையில் தட்டித் தட்டிச் சொல்வார். தராசு என்றதும் பையன்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கோபமாக வரும். அந்தப் பயமும் ஒரு வாரம் தாங்காது. பிறகு பழையபடி தகரப் பெட்டியில் கைவிட்டுப் பழத்தை வாயில் போட்டுக்கொள்வேன், இடது தோளைப் பார்க்காமல்.

அத்தா நரகத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் கேட்கிற கேள்வி வேறு. எந்தச் சாமான் வந்தாலும், "இது எங்க போய் நிக்கும்?" என்பார். இந்தக் கேள்விக்குப் பொருள் எனக்குப் புரிந்தது ஷாக் அப்சார்பரில்தான்.

எங்கள் கடை இரும்பு லாரியேறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போகும். அங்கே உலைகளில் உருகிக் கம்பியாகி வெளியே வரும். உலைக்கு ஒரு விதி உண்டு. எல்லாப் பக்கமும் மூடின சாமான், உள்ளே எண்ணெயோ காற்றோ தண்ணீரோ அடைபட்டிருந்தால், உருகின இரும்பில் விழுந்ததும் வெடிக்கும். கொதிக்கிற இரும்பு மேலே எழும்பிப் பக்கத்தில் நிற்பவர்கள் மேல் கொட்டும். வண்டிகளிலிருந்து கழற்றின ஷாக் அப்சார்பர் அப்படிப்பட்ட சாமான். அதை வெட்டியோ துளை போட்டோதான் அனுப்பவேண்டும். துளை போட ஆள், நேரம், டிரில் பிட் எல்லாம் செலவு. ஒரு பெரிய குவியலில் நடுவில் நாலைந்தைச் செருகிவிட்டால் யார் கண்டுபிடிப்பது? எந்தக் கடைச் சரக்கு வெடித்தது என்று உலைக்காரருக்கே தெரியாது. அங்கே நிற்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். நாங்கள் அவர்களைப் பார்க்கப் போவதில்லை, அவர்களும் எங்களைப் பார்க்கப் போவதில்லை.

"ஓட்டை போட்டியா?" என்பது எங்கள் வீட்டில் சலாமுக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்ட வார்த்தை. அம்மாகூட முறுக்குப் பிழியும்போது எங்களைக் கிண்டல் செய்ய அதைச் சொல்வாள்.

ஒரு நோன்பு நாள். லாரி நிறையச் சரக்கேற்றி, தார்ப்பாய் போர்த்தி, கயிறும் இழுத்துக் கட்டியாகிவிட்டது. நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். டிரைவர் வெளியூர்க்காரர், விட்டால் போதுமென்று நின்றார். அத்தா வேலையாளிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "எல்லாம் போட்டாச்சு பாய்" என்றான். சொன்னவன் முகத்தை அத்தா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "கயித்த அவுரு" என்றார். டிரைவர் கத்தின கத்தலில் எதிர் டீக்கடையே எழுந்து வந்துவிட்டது. அத்தா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரிமேல் ஏறினார். டார்ச்சை நான் பிடித்தேன். ஒவ்வொரு ஷாக் அப்சார்பராக இழுத்து, திருப்பி, விரலால் துளையைத் தடவிப் பார்த்துக் கீழே போட்டார். பாங்கு கேட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, எண்ணெய்க் கையாலேயே வாயில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். கடைசியில் பார்த்தால் எல்லாவற்றிலும் துளை இருந்தது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. வேலையாளுக்கு ரொம்ப ரோஷம், மறுநாள் வேலைக்கு வரவில்லை. அத்தா அவன் வீட்டுக்கே போய் அழைத்து வந்தார். ஆனால் இறக்கிப் பார்த்தது தப்பு என்று ஒருபோதும் சொல்லவில்லை.

இந்த மாதிரிக் கதைகளை இமாம்களின் வரலாற்றில் படிப்பதுண்டு. கூஃபாவில் ஜவுளி வியாபாரம் செய்த இமாம் அபூ ஹனீஃபா, ஒரு துணியில் இருந்த குறையைச் சொல்லி விற்கும்படி கூட்டாளியிடம் சொல்லியிருந்தார். அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார், வாங்கினவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இமாம் வந்த காசு முழுவதையும் தர்மம் செய்துவிட்டார் என்பது பிரபலமான செய்தி. ஹஜ்ரத் இதைக் கடைக்கு வந்து சொன்னபோது அத்தா சிரித்தார். "அவரு ஜவுளிக்கடை ஹஜ்ரத். நம்ம கடையில குறையில்லாத சாமான் ஒண்ணு காட்டுங்க பாப்போம்."

அந்தக் கடையில் நான் பார்த்த பெரிய வழக்கு ஒரு மூடியைப் பற்றியது. மத்தியான நேரம். சைக்கிள் கேரியரில் கோணிச் சுருட்டலோடு ஒரு பையன் வந்தான். பிரித்தால், சாக்கடைக் குழிமேல் போடுகிற வார்ப்பிரும்பு மூடி. நல்ல கனம், நல்ல வார்ப்பு. அத்தா காலால் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்கிருந்துப்பா?"

"வூட்ல கெடந்துது பாய்."

"உங்க வூட்ல சாக்கடை மூடி கெடக்குமா?"

அவன் சிரித்தான். அத்தா சிரிக்கவில்லை. "மூடி எனக்கு வேணாம். எந்த எடத்துல எடுத்தேன்னு மட்டும் சொல்லு" என்றார். அவன் முகம் மாறியது. மூடியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு போய்விட்டான். எந்தக் கடைக்குப் போனான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சாப்பிட உட்கார்ந்தபோது சின்னத்தா ஆரம்பித்தார். அவர்தான் கடைக் கணக்கு எழுதுபவர். "ரயில்வே சாமான் வாங்கமாட்டேன்னா நியாயம் இருக்கு. போலீஸ் வரும், உள்ள தூக்கி வெப்பான். இதுக்கு யார் வரப்போறா? நாம வேணாம்னா அடுத்தவன் வாங்கறான். மூடி திரும்பவா போய் ஒக்காரப் போவுது?" ரயில்வே சொத்தை முறைகேடாக வைத்திருப்பதற்கென்றே 1966இல் ஒரு சட்டம் போட்டார்கள். தண்டவாளக் கிளிப் ஒன்று கடையில் அகப்பட்டால் போதும், பரம்பரை வியாபாரமே போய்விடும். அந்தப் பயம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு.

"அவன் கணக்க அவன் சொல்லிப்பான்" என்றார் அத்தா. "என்னைக் கேக்கறப்ப அடுத்த கடைக்காரன் பேர நான் சொல்ல முடியுமா?"

சின்னத்தா சோற்றில் கை வைத்தபடியே, "அப்ப உங்க கணக்கு சுத்தமாயிடுச்சு. குழி அப்படியேதான் தொறந்து கெடக்கு" என்றார்.

அத்தா பதில் சொல்லவில்லை. அம்மா குழம்பு ஊற்ற வந்தவள் அப்படியே நின்றாள். மார்க்கம் படித்தவர்களிடம்கூட இப்படி ஒரு கேள்வியை நான் பிறகு கேட்டதில்லை. மறுமைக்குப் பயந்து ஒரு தீமையிலிருந்து விலகி நிற்பவன் தன் ஏட்டைக் காப்பாற்றிக்கொள்கிறான், சரி. விழப் போகிறவனுக்கு அவன் என்ன செய்தான்?

அஸர் தொழுதுவிட்டு வந்த அத்தா கடைக்குள் வராமல் வேலிக்காத்தான் புதரிலிருந்து ஒரு பெரிய கிளையை வெட்டினார். அம்மாவின் பழைய சிவப்புத் துணி ஒன்றைக் கேட்டு வாங்கினார். கிளையை சைக்கிளில் கட்டிக்கொண்டு ரோட்டோரமாகவே குழி தேடிக் கிளம்பினார். என்னைப் பின்னால் ஓடி வரச் சொன்னார். செங்குன்றம் கடைத்தெரு வரை போயும் அந்தப் பையன் எடுத்த இடம் எதுவென்று தெரியவில்லை. ஆனால் திறந்த குழி ஒன்று அகப்பட்டது. அதில் கிளையை நட்டுத் துணியைக் கட்டினார். முள் கிழித்து முழங்கையில் ரத்தம். "இதுதானாத்தா அது?" என்று கேட்டேன். "எதுவா இருந்தா என்ன, குழிதானே" என்றார். வழியில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் கடைசியாக எண்ணின ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. அத்தா அதைச் சொல்லிச் செய்யவில்லை. அன்றைக்கு அவருக்குச் சின்னத்தாவின் கேள்விதான் உறுத்தியிருக்கவேண்டும்.

காபீல் கதையை ஹஜ்ரத் சொன்னது இதற்குச் சில நாள் கழித்து. ஆதமின் மகன் காபீல் தம்பி ஹாபீலைக் கொன்றான். உலகில் பிறகு அநியாயமாக நடக்கிற ஒவ்வொரு கொலையிலும் அவனுக்கு ஒரு பங்கு போய்ச் சேர்கிறது, வழியைத் திறந்துவிட்டவன் அவன் என்பதால். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்று குர்ஆன் சொல்கிறதே, பிறகெப்படி என்று அண்ணன் கேட்டான். "சுமக்கிறது வேற, பங்கு வர்றது வேற. உங்கத்தாகிட்ட கேளு, அவருக்கு இது நல்லாத் தெரியும்" என்று முடித்துக்கொண்டார். கேட்டோம். "கமிஷன் மாதிரி" என்றார் அத்தா.

இன்று போடுகிற கணக்கு வேறாக இருக்கிறது. நோன்பு மாதத்தில் எந்தத் தொழுகைக்கு எத்தனை மடங்கு, எந்த இரவில் ஓதினால் எத்தனை ஆண்டுக்குச் சமம் என்று வாட்ஸ்அப்பில் கணக்குப் போட்டு அனுப்புகிறார்கள். எனக்கும் வரும், நானும் பார்ப்பேன். வரவுப் பக்கம் இவ்வளவு துல்லியமாக எழுதுகிறவர்கள், பள்ளிவாசல் வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே போகிறார்கள்.

ஒருவர் செய்வது இன்னொருவருக்குப் போய்ச் சேர்வதை நான் ருசித்தே அறிந்தது மீஞ்சூரில். எங்கள் குப்பி, அதாவது அத்தை வீடு அங்கே இருந்தது. சின்ன வயதில் லீவுக்குப் போவோம். குப்பி அருமையாகச் சமைப்பாள், டீ மட்டும் வாயில் வைக்க முடியாது. ஒரு மாதிரி உப்புக் கரிக்கும். ஒரு காலத்தில் இந்தக் கிணற்றில் கற்கண்டுத் தண்ணீர் என்று மாமா சொல்வார், நாங்கள் நம்பமாட்டோம். சென்னைக்கும் ஆலைகளுக்கும் தண்ணீர் வேண்டி ஆரணியாறு, கொசஸ்தலைப் படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். விவசாயிகளும் இறைத்தார்கள். நிலத்தடி நீர் இறங்க இறங்க, கடல் அடியில் நுழைந்தது. 1960களின் கடைசியிலேயே ஆய்வாளர்கள் இதைக் கண்டுவிட்டார்கள், கடல்நீர் உட்புகுந்ததற்கு நாட்டிலேயே அதிகம் ஆராயப்பட்ட இடங்களில் அது ஒன்று. பிறகு 2010இல் அதே மீஞ்சூர்ப் பக்கம் காட்டுப்பள்ளியில் நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நிலத்துக்கடியில் வந்த கடலைத் தடுக்க முடியாமல், மேலே கடலையே குடிக்க ஆரம்பித்தோம்.

நுஃமான் பின் பஷீர் அறிவித்து புகாரித் தொகுப்பில் வருகிற கப்பல் ஹதீஸை அந்த டீ நினைவோடுதான் நான் படித்தேன். ஒரு கப்பலில் சீட்டுப் போட்டு இடம் பிரிக்கிறார்கள். சிலருக்கு மேல்தட்டு, சிலருக்குக் கீழ்த்தட்டு. கீழே இருப்பவர்கள் தண்ணீர் எடுக்க ஒவ்வொரு முறையும் மேலே வந்து போகவேண்டியிருக்கிறது. மேலே உள்ளவர்களுக்கு ஏன் தொந்தரவு, நம் பங்கில் நாமே ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோமே என்று நினைக்கிறார்கள். விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள், கையைப் பிடித்தால் எல்லோரும் பிழைப்பார்கள். இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை என்பதைப் பயான்களில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஓட்டை போட நினைத்தவர்கள் பிறருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்றுதான் நினைத்தார்கள். தன் நிலத்தில் தன் காசில் போர் போட்ட எங்கள் மாமாவும் அப்படித்தான். நல்ல நிய்யத்து இருந்தால் போதும் என்று சொல்லிக்கொள்பவர்களுக்கு இந்த ஹதீஸ் கொஞ்சம் கசக்கும்.

எங்கள் சோழவரம் ஏரிக்கும் ஒரு கதை உண்டு. தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையைத் திருப்பிச் சோழவரம் வழியாகப் புழலுக்கும் அங்கிருந்து மெட்ராஸுக்கும் கொண்டுபோகும் ஏற்பாடு 1872இல் வந்தது. எங்கள் ஏரி நிரம்பினால் 1,081 மில்லியன் கன அடி. நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம், தண்ணீர் நகரத்துக்குப் போகும். பள்ளிவாசல் தொட்டியில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யும்போது குழாய் மாதிரி அள்ளிக் கொட்டினால் அத்தா கையைப் பிடித்துவிடுவார். ஓடுகிற ஆற்றங்கரையில் ஒளு செய்தாலும் வீணாக்கக் கூடாது என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஒரு ஹதீஸ் உண்டு. "ஆத்துக்கென்ன கொறையப் போவுது" என்று நான் எதிர்த்துக் கேட்டிருக்கிறேன். 2019 ஜூனில் சோழவரம் ஏரியில் தரை தெரிந்தது. அப்போது சென்னைக்குத் தண்ணீர் தந்த நான்கு முக்கிய ஏரிகளும் ஏறக்குறைய காய்ந்துவிட்டன. பல பள்ளிவாசல்களில் குழாயைப் பூட்டி, வீட்டிலேயே ஒளு செய்துகொண்டு வரச் சொன்னார்கள். மழைக்காகத் தொழுதார்கள்.

கடைக்குத் திரும்புகிறேன். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரிச் செய்தி வந்தபோது அத்தா கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல வருஷமாக உபயோகமில்லாமல் கிடந்த ஒரு கதிர்வீச்சுக் கருவியை ஏலத்தில் விட்டிருக்கிறார்கள். மாயாபுரி காயலான் கடைக்காரர்கள் வாங்கி, ஈயக் கவசத்தை உடைத்திருக்கிறார்கள். உள்ளே கோபால்ட் 60. ஒரு வியாபாரி அதில் ஒரு துண்டைப் பர்ஸிலேயே வைத்திருந்தார். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், ஒருவர் இறந்துபோனார். அத்தா அந்தச் செய்தியை விடவே இல்லை. பேப்பர் படிக்கத் தெரிந்த யார் வந்தாலும் படிக்கச் சொல்வார். அந்தத் துண்டு பார்க்க எப்படி இருக்கும், பளபளப்பாக இருக்குமா, எடை எவ்வளவு என்று என்னைத் துளைத்தெடுத்தார். "பாத்தா தெரியாதா? தொட்டாலும் தெரியாதா?" தெரியாது என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம கடைக்கு என்னென்ன வந்துச்சோ" என்றார். எதையும் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்ட கை அது. தடவிப் பார்த்தாலும் தெரியாத ஒரு சாமான் உலகத்தில் இருக்கிறது என்பது அவரைக் கலக்கிவிட்டது. படித்தவர்கள் கையெழுத்துப் போட்டு ஏலம் விட்டதைப் பற்றி நான் கோபமாகப் பேசினேன். அவர் அந்தப் பக்கமே வரவில்லை. இறந்தவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

அவர் ஹஜ்ஜுக்குப் போனது இதற்கெல்லாம் வெகு முன்பு. அப்போதெல்லாம் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய், என்மேல் ஏதாவது ஹக்கு, அதாவது பாக்கி இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்பார்கள். அல்லாஹ் தனக்குச் செய்த குறையை மன்னிப்பான், அடியானுக்குச் செய்த குறையை அந்த அடியான்தான் மன்னிக்கவேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. மலை மலையாகத் தொழுகையும் நோன்பும் கொண்டுவருகிற ஒருவன், தன்னிடம் அடிபட்டவனுக்கும் ஏச்சு வாங்கினவனுக்கும் பணம் பறிகொடுத்தவனுக்கும் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிற காட்சி ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அத்தாவுக்கு நெருப்பைவிட இந்த ஓட்டாண்டிக்குத்தான் பயம். இப்போது 'தெரிந்தோ தெரியாமலோ' என்று ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு விமானம் ஏறுகிறார்கள். யாரிடம் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அத்தா சொந்தக்காரர்களை முடித்துவிட்டு வண்டிக்காரர்கள் வீடுகளுக்குக் கிளம்பினார். அவர் தராசில் மோசம் செய்து நான் பார்த்ததில்லை. எடைபோடும் முன் வெறும் தட்டுகளைத் தூக்கிச் சமமாக நிற்கிறதா என்று காட்டுவார். வருஷா வருஷம் எடைக்கல்லுக்கு முத்திரை வாங்குவார். எடைக்கல்லின் அடியில் கனம் கூட்டுகிறவர்கள், தட்டுக்குக் கீழே காந்தம் ஒட்டுகிறவர்கள் எல்லாம் அந்தத் தொழிலில் உண்டு. கொண்டுவருகிறவர்களும் சும்மா இல்லை. ரேடியேட்டருக்குள் மண் இருக்கும், பழைய பேப்பர் நனைந்திருக்கும். அவரவர் சாமர்த்தியம் அவரவர்க்கு. ஆகவே வண்டிக்காரர்கள் எல்லோரும், "இன்னா பாய் நீ, நல்லபடியா போய்ட்டு வா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். பஞ்செட்டிப் பெரியவர் மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"ஒரு வாட்டி ரெண்டு பித்தளை அண்டா கொண்ணாந்தேன் பாய். அரைக் கிலோ கம்மியா போட்டுட்ட. அப்பவே கேக்கலாம்னு பாத்தேன்."

அத்தாவுக்கு அப்படி ஒரு அண்டா வந்ததாகவே ஞாபகம் இல்லை. ஆனாலும் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினார், அன்றைய விலைக்கு அல்ல, இன்றைய பித்தளை விலைக்கு. வீட்டில் பெரிய சண்டை. "அப்பத்த வெலைக்குக் குடுத்தா ஆவாதா? அந்தாளு பொய் சொல்றாரு" என்றாள் அம்மா. "பொய்யின்னா அது அவரு ஏட்டுல" என்றார் அத்தா.

செய்தி பரவ ஒரு ராத்திரி போதாதா? விடிந்ததும் வாசலில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் ஈயம் என்றார், ஒருவர் அலுமினியம் என்றார். இரண்டு பேருக்கும் கொடுத்தார். மூன்றாவது ஆள் செம்பு என்றார். வாழ்நாளில் செம்பே கொண்டுவராதவர் அவர். அத்தா சிரித்துவிட்டு ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தைக் கொடுத்தனுப்பினார். மத்தியானம் இன்னும் இரண்டு பேர் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்க் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "பாய் நேத்தே ஹஜ்ஜுக்குக் கெளம்பிட்டாரு, போய்ட்டு வந்தப்புறம் வாங்க" என்றாள்.

உள்ளே சோறு தின்றுகொண்டிருந்த அத்தா, வாயில் சோற்றோடு குரல் கொடுத்தார்.

"இன்னும் போவலப்பா. உள்ள வாங்க."